ஆற்றைத் தொலைத்த இருவர்

"எதிர்க்கரை வெள்ளை வெளேர்னு இருக்கணும், டிஹோமிர். ஒரு கோழிக்கூடுகூடக் கண்ணுல படக் கூடாது. தெரிஞ்சுதா?"

இயக்குநர் லியெர்க்கா அம்மையார் இதைச் சொல்லிக்கொண்டே வரைபட அறையின் ஜன்னலை இழுத்துச் சாத்தினார். எதிரெதிரே இரண்டு ஜன்னல் திறந்திருந்தால் குறுக்குக்காற்று அடித்துக் கழுத்து பிடித்துக்கொள்ளும் என்பது எங்கள் பக்கத்தில் பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம்.

டிஹோமிரின் கழுத்து காற்று இல்லாமலேயே பிடித்துக்கொண்டிருந்தது. கணினித் திரையை முதுகால் மறைத்தபடி, "தெரிஞ்சுது மேடம்" என்றார்.

"மத்தியானம் விழாவுல மதாம் பெர்த்தியே பொத்தானை அழுத்துற வரைக்கும் நம்ம கரை மட்டும்தான் தெரியணும். அழுத்தினதும் அந்தக் கரை டக்குனு வந்து ஒட்டிக்கணும். குரோஷியாவும் போஸ்னியாவும் இந்த ஆத்தங்கரையில மேப் பகிர்ந்துக்கிற முதல் நாள்! அந்த நேரத்துல நான் கொஞ்சம் கண்ணீர் விடலாம்னு இருக்கேன்."

"தாராளமா விடுங்க மேடம்."

அம்மையார் போனதும் டிஹோமிர் மெல்லத் திரும்பினார். திரையில் எதிர்க்கரை ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. வீடுகள், கிணறுகள், மின்கம்பங்கள், மசூதி, பள்ளிக்கூடம், ஒரு பேரிக்காய்த் தோப்பு. கோழிக்கூடுகளும் இருந்தன. சட்டப்படி டிஹோமிரின் கணினிக்குள் வந்திருக்கவே கூடாத ஊர் அது.

வரைபடப் பகிர்வு ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை ஒரு நாட்டு வரைபட அலுவலகம் மற்ற நாட்டு அலுவலகத்துக்கு ஒரு கிணறு இருக்கும் இடத்தைக்கூடச் சொல்லக் கூடாது. சொன்னாலும் வேலை போகும், கேட்டு வாங்கினாலும் போகும். டிஹோமிர் கேட்டு வாங்கியிருந்தார். எதிரே போஸ்னியக் கரையின் வரைபட அலுவலகத்து ஃபிக்ரெட் அள்ளிக் கொடுத்திருந்தார். பதிலுக்கு எங்கள் கரை முழுவதும் ஃபிக்ரெட்டின் கணினியில் இருந்தது.

திருட்டுத்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அது ஆரம்பித்த விதம் அப்படி. சில வருஷங்களுக்கு முன் ஒரு விடிகாலையில் இரண்டு நாட்டுக்கும் எல்லையான ஸெலென்கா ஆறு மளமளவென்று ஏறியது. நீர்மட்டம் காட்டும் கம்பம் எங்கள் கரையில் இருக்கிறது. முழுகப் போகிற கீழ்த்தெரு அந்தக் கரையில். முறைப்படி கடிதம் எழுதி, அது இந்தத் தலைநகர் போய் அந்தத் தலைநகர் போய் வருவதற்குள் ஆறு கடலுக்கே போய்ச் சேர்ந்திருக்கும். டிஹோமிர் முன்பின் தெரியாத ஃபிக்ரெட்டைத் தொலைபேசியில் கூப்பிட்டார். ஃபிக்ரெட் ஒரு வார்த்தை யோசிக்காமல் கீழ்த்தெருவின் வரைபடத்தை அனுப்பினார். தண்ணீர் எந்த வீடு வரைக்கும் வரும் என்று டிஹோமிர் கணக்குப் போட்டுச் சொல்ல, ஃபிக்ரெட் ஒலிபெருக்கியோடு ஓடித் தெருவையே காலி செய்தார். பூனையை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் அடம்பிடித்தாளாம். ஃபிக்ரெட் முழங்கால் தண்ணீரில் உள்ளே போய், கை முழுக்கப் பிராண்டல் வாங்கிக்கொண்டு, பூனையை ரொட்டிக் கூடையில் போட்டுத் தூக்கி வந்தார். வீடுகள் கூரை வரை முழுகின. ஓர் உயிர்கூடப் போகவில்லை.

அதற்குப் பிறகு இருவராலும் நிறுத்த முடியவில்லை. மனசாட்சி உள்ள யாரால்தான் முடியும்?

டிஹோமிர் கதவைத் தாழிட்டுவிட்டு எண்ணை அழுத்தினார். தொலைபேசியில் அவர்கள் 'வரைபடம்' என்ற சொல்லைப் பயன்படுத்துவதில்லை. யாராவது ஒட்டுக்கேட்டால் கதை கந்தலாகிவிடும். அதனால் அதற்கு, உள்ளே அடைத்துச் சுடும் எங்கள் ஊர்ப் பலகாரமான 'புரெக்' என்று பெயர்.

"ஃபிக்ரெட், உன் புரெக் எல்லாம் என் அடுப்புலயே இருக்குடா. மத்தியானத்துக்குள்ள அடுப்பு காலியா இருக்கணுமாம்."

"என்ன புரெக்?"

"என்ன புரெக்குன்னா? சீஸ் புரெக்னு வச்சுக்கோயேன்!"

"எத்தனை தடவை சொல்றது? கறி வச்சாத்தான் புரெக். சீஸ் வச்சா அது பிட்டா. உங்க கரையில பொறந்தவனுங்களுக்கு நாக்குன்னு ஒண்ணு இருக்கா இல்லியா?"

"டேய், இங்க உயிர் போகுதுடா!"

"எனக்கு மட்டும் என்ன? எங்க டைரக்டர் ஹைருடின் சாரும் உங்க கரை வெள்ளையா இருக்கணும்னுட்டார். என்கிட்ட உங்க மேடத்தோட தோட்ட வீட்டுத் தக்காளிப் பாத்தி வரைக்கும் இருக்கு."

"அழிச்சிடு. நானும் அழிக்கிறேன். கையெழுத்து ஆனதும் சட்டப்படியே திரும்ப வாங்கிக்கலாம்."

"சுவடே இருக்கக் கூடாது."

"குப்பைத் தொட்டியையும் காலி பண்ணிடு."

டிஹோமிர் 'ஃபிக்ரெட்' என்று பெயரிட்டிருந்த கோப்புறையை முழுசாக அழித்தார். குப்பைத் தொட்டியையும் காலி செய்தார். திரையில் எதிர்க்கரை பால் போல வெளுத்தது. நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஒரு முறை நன்றாகப் பார்த்தார்.

எங்கள் கரை இருந்தது. கரையோரத்து மரபெஞ்சுகள் இருந்தன. பாலம் இருந்தது, ஆனால் அது எதன் மேலும் நிற்கவில்லை. ஆற்றைக் காணோம்.

மறுபடி கூப்பிட்டார்.

"ஃபிக்ரெட், ஆறு போச்சுடா."

"எந்த ஆறு?"

"நமக்கு எத்தனை ஆறு இருக்கு? ஸெலென்காதான்! உன் சாமானோட சேர்ந்து போயிடுச்சு. உன்னோட ஆத்தை மட்டும் சட்டுனு அனுப்பு."

அந்தப் பக்கம் மவுஸைத் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஃபிக்ரெட்?"

"அது உன்னோட ஆறு இல்லியா?"

"என்னோடதா? அது உன்னோடதுடா!"

"நான் உன்கிட்டேருந்துதானே வாங்கினேன். உன் பேர் போட்ட ஃபோல்டர்லதான் பத்திரமா வச்சிருந்தேன். அதைத்தான் இப்ப..."

"குப்பைத் தொட்டி?"

"காலி. நீதானே சொன்னே!"

நடந்தது இதுதான். ஸெலென்கா ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் புரண்டு படுக்கும். இவர் திருத்தி அவருக்கு அனுப்புவார், அவர் திருத்தி இவருக்கு அனுப்புவார். வந்த ஆற்றை அடுத்தவர் உழைப்பாயிற்றே என்று அடுத்தவர் பெயரிலேயே வைத்துக்கொள்வார்கள். தன் பழைய ஆறு எதற்கு என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். இப்படி மரியாதை பார்த்துப் பார்த்து, இரண்டு நாட்டுக்கும் சொந்தமான ஆறு யாரிடமும் சொந்தமாக இல்லாமல் போனது.

"டிஹோ, இப்ப என்னடா பண்றது?"

"எங்கேயாவது தேடு. நானும் தேடறேன்."

டிஹோமிர் அலமாரியின் அடித்தட்டைக் குடைந்தார். யுகோஸ்லாவியாவாக இருந்த காலத்து அளவைத் தகவல்கள் ஏற்றிய குறுந்தட்டு ஒன்று தூசியோடு கிடைத்தது. சட்டைக் கையால் துடைத்துக் கணினியில் போட்டார். ஏறியது. ஆனால் திரையில் ஆறு வரவில்லை.

படத்தைக் கொஞ்சம் சுருக்கிப் பார்த்தார், இல்லை. இன்னும் சுருக்கினார். ஐரோப்பா முழுவதும் தெரிந்தது, அப்போதும் இல்லை. கடைசியில் உலகமே தெரிகிற அளவுக்குச் சுருக்கியபோது, ஸெலென்கா யேமன் நாட்டுப் பாலைவனத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் பழைய அளவையாளர்கள் ஓர் இடத்தைக் குறிக்க வடக்கு எண்ணை முதலில் எழுதுவார்கள், கிழக்கு எண்ணைப் பிறகு. கணினி கிழக்கை முதலில் கேட்கும். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் வாழ்க்கையில் ஒரு தடவையாவது சொந்த ஊரைப் பாலைவனத்தில் கொண்டுபோய் விட்டவர்கள்தான். வேறொரு நாளாக இருந்தால் டிஹோமிர் சிரித்திருப்பார். இன்று அவசர அவசரமாக எண்களை இடம் மாற்றினார். ஆறு ஊர் வந்து சேர்ந்தது.

சேர்ந்த இடம்தான் சரியில்லை. பழைய ஆறு பழைய பாதையில் ஓடியது. லியெர்க்கா அம்மையாரின் தோட்ட வீட்டில் சமையலறை வழியாகப் புகுந்து படுக்கையறை வழியாக வெளியேறியது.

கதவு தட்டப்பட்டது. "டிஹோமிர்! ஆச்சா? மதாம் வண்டி பாலத்துக்கிட்ட வந்துடுச்சாம்!"

"இதோ மேடம், ஆச்சு!"

ஆற்றை இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளுவது போல எதிர்ப்பக்கம் கொஞ்சம் நகர்த்தினார். அம்மையாரின் வீடு காய்ந்தது, தபால் நிலையம் நனைந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளினார். தபால் நிலையம் தப்பியது, தேவாலயத்தின் பின்சுவர் மாட்டிக்கொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரேயடியாகத் தள்ளினார். எங்கள் கரையில் எல்லாம் காய்ந்தது. எதிர்க்கரைதான் வெள்ளையாக இருக்கிறதே, அங்கே நனைவதற்கு என்ன இருக்கிறது என்று தம்மைத் தாமே தேற்றிக்கொண்டார்.

அப்போது ஃபிக்ரெட்டிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது: "எனக்கும் ஆறு கிடைச்சிடுச்சு. கவலை வேண்டாம்."

கவலை அப்போதுதான் ஆரம்பித்தது. "எந்த ஆறு???" என்று டிஹோமிர் அனுப்பினார்.

"இப்ப பேச முடியாது. கார்ல ஹைருடின் சார் பக்கத்துல இருக்கேன்."

கலாச்சார மன்றத்து மேடையில் இரண்டு நாட்டுக் கொடிகளும் ஒரு பெரிய திரையும் இருந்தன. ஓரத்து மேஜையில் சீஸ், கூலென் தொத்திறைச்சி, பிளம்ஸ் சாராயம், சுடச்சுடப் பிட்டா. நடு நாற்காலியில் மதாம் பெர்த்தியே. ஒப்பந்தத்துக்கு ஏற்பாடு செய்த அமைப்பின் தலைவர். தாய்மொழியில்தான் பேசுவேன் என்பது அவர் கொள்கை. பிரெஞ்சைத் தவிர ஒரு வார்த்தை வாயிலிருந்து வராது.

அதனால் மொழிபெயர்ப்பாளர் வேண்டியிருந்தது. விதிப்படி குரோஷிய மொழிக்கு ஒருவர், போஸ்னிய மொழிக்கு ஒருவர். குரோஷியக்காரருக்குக் காய்ச்சல். எனவே எதிர்க்கரையைச் சேர்ந்த மெர்சிஹா என்ற இளம்பெண்ணே இரண்டையும் பார்த்துக்கொண்டாள். மதாம் பேசியதும் வலப்பக்க நாற்காலியில் உட்கார்ந்து குரோஷிய மொழியில் சொன்னாள். பிறகு எழுந்து நடந்து இடப்பக்க நாற்காலியில் உட்கார்ந்து அதையே அட்சரம் பிசகாமல் போஸ்னிய மொழியில் சொன்னாள். முதல் நாற்காலியில் காப்பி 'கவா'வாக இருந்தது, இரண்டாவதில் 'கஹ்வா' ஆனது. வேறு வித்தியாசம் இல்லை. மதாம் சொன்ன நகைச்சுவைக்கு குரோஷியர்கள் முதலில் சிரித்தார்கள். போஸ்னியர்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு தங்கள் முறை வரும் வரை காத்திருந்து சிரித்தார்கள். நாடு என்றால் ஒரு கௌரவம் வேண்டாமா?

டிஹோமிர் மட்டும் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து நின்ற ஃபிக்ரெட்டின் கையைப் பிடித்தார்.

"ஆறு எங்கேருந்துடா பிடிச்சே?"

"என் பொண்ணோட பள்ளிக்கூட அட்லஸ்லேருந்து. பார்த்து வரைஞ்சேன். ஹைருடின் சாரோட மீன் ஹோட்டலுக்கு நடுவுல போச்சு. அதான் கொஞ்சம் உங்க பக்கமாத் தள்ளிட்டேன்."

டிஹோமிரின் முகத்தில் ஈயாடவில்லை. "நான் உங்க பக்கமாத் தள்ளியிருக்கேன்டா."

"எவ்வளவு?"

"நிறைய."

"ஐயையோ."

மதாம் பொத்தானை அழுத்தினார்.

இரண்டு வரைபடங்களும் திரையில் ஒன்று சேர்ந்தன. ஸெலென்கா இரண்டாக ஓடியது. டிஹோமிரின் ஆறு போஸ்னியாவுக்குள் புகுந்து சந்தைக்குப் பின்னால் போனது. ஃபிக்ரெட்டின் ஆறு குரோஷியாவுக்குள் புகுந்து எங்கள் தேவாலயத்தைச் சுற்றி வந்தது. இரண்டு நாடும் ஒன்றையொன்று கால் பங்கு விழுங்கியிருந்தன. நிஜமான ஆறு இருக்க வேண்டிய இடத்தில் பாலம் மட்டும் காய்ந்த தரையில் அசட்டுத்தனமாக நின்றது.

முதலில் வாயைத் திறந்தவர் ஹைருடின்.

"லியெர்க்கா அம்மா, என் மீன் ஹோட்டல் உங்க நாட்டுக்கு எப்ப வந்துச்சு?"

"அது இருக்கட்டும். என் தக்காளியைப் பறிக்க நான் இனிமே பாஸ்போர்ட் எடுத்துட்டு வரணுமா?"

"இது மேப்பா, இல்ல படையெடுப்பா?"

"ஆரம்பிச்சது யாருன்னு அந்த ஆத்தைப் பார்த்தாலே தெரியுதே!"

மதாம் பெர்த்தியே எழுந்தார். திரையைக் காட்டி, டிஹோமிரைக் காட்டி, ஃபிக்ரெட்டைக் காட்டிப் படபடவென்று பொரிந்தார். டிஹோமிருக்கு பிரெஞ்சில் ஒரு சொல்கூடத் தெரியாது. அந்த முகத்துக்கு மொழிபெயர்ப்பும் தேவைப்படவில்லை. மதாம் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டதையும் பார்த்தார்.

எல்லாம் முடிந்தது என்று தோன்றியது. வேலை போனால் போகட்டும். ஒப்பந்தமும் போனால், அடுத்த வெள்ளத்தன்று இந்தக் கரையிலிருந்து யார் ஃபிக்ரெட்டைக் கூப்பிடுவார்கள்? தமக்கு அடுத்து அந்த நாற்காலிக்கு வருகிறவர் சட்டத்துக்குப் பயந்தவராக இருந்தால் கீழ்த்தெருவின் கதி என்ன? நடந்தது நடக்கட்டும், உண்மையைச் சொல்லிவிடலாம் என்று டிஹோமிர் முன்னால் வந்தார்.

"மேடம், எல்லாருக்கும் நான் ஒண்ணு சொல்லணும். இத்தனை வருஷமா நானும் ஃபிக்ரெட்டும்..."

"உட்காருங்க சார்!" மெர்சிஹாவின் குரல் குறுக்கே விழுந்தது. "மதாம் சொன்னதை நான் இன்னும் சொல்லவே ஆரம்பிக்கலை."

அவள் திரையைப் பார்த்தாள். டிஹோமிரைப் பார்த்தாள், ஃபிக்ரெட்டைப் பார்த்தாள். பிறகு வலப்பக்க நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மதாம் ரொம்ப உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க. அவங்க போன ஊர்ல எல்லாம் பொத்தானை அழுத்தின உடனே ரெண்டு மேப்பும் கனகச்சிதமா ஒட்டிக்கிச்சாம். அப்படி ஒட்டினா என்ன அர்த்தம்? முன்னாடியே திருட்டுத்தனமா குடுத்து வாங்கியிருக்காங்கன்னு அர்த்தம். இங்க மட்டும்தான் ஒட்டவே இல்லை. ஒரு ஆத்தைக்கூட அடுத்தவங்ககிட்டக் கேட்டு வாங்கலை. இந்த ரெண்டு அதிகாரிங்க மாதிரி நேர்மையானவங்களைப் பார்த்ததே இல்லைன்னு சொல்றாங்க."

பிறகு நடந்துபோய் இடப்பக்க நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி சொன்னாள். மாற்றுவதற்கு அதில் காப்பி இல்லை என்பதால், "ஒரு கஹ்வா குடிச்சிட்டு கையெழுத்து போடலாம்னு சொல்றாங்க" என்று கடைசியில் சேர்த்துக்கொண்டாள்.

குரோஷியர்கள் ஏற்கெனவே கைதட்ட ஆரம்பித்திருந்தார்கள். இப்போது போஸ்னியர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஹைருடின் ஃபிக்ரெட்டின் முதுகில் தட்டி, "நேர்மைடா! நம்ம ஆபீஸ்!" என்றார். லியெர்க்கா அம்மையார் திட்டமிட்டபடியே கண்ணீர் விட்டார். ஆனால் அது நிஜக் கண்ணீராக வந்துவிட்டதால் கைக்குட்டை தேட வேண்டியிருந்தது.

"நன்றி, மதாம்" என்றார் விம்மலுடன்.

அந்த இரண்டு வார்த்தையை மெர்சிஹா பிரெஞ்சில் வெகுநேரம் சொன்னாள். இரண்டு ஆறுகளைக் காட்டினாள், கையை அகல விரித்தாள், இரண்டு ஆண்களையும் காட்டினாள். மதாமின் புருவம் மெல்ல இறங்கியது. "ஆ!" என்றார். நெஞ்சில் கை வைத்தார். கைப்பையைக் கீழே வைத்துவிட்டு அவரும் கைதட்டினார், பேனாவைக் கேட்டு வாங்கினார்.

ஒரு நன்றி சொல்ல இவ்வளவு நேரம் பிடிக்கிறதே, பெரிய மொழிதான் போலிருக்கிறது என்று டிஹோமிர் நினைத்துக்கொண்டார்.

மதாமும் இரண்டு இயக்குநர்களும் கையெழுத்திட்டார்கள். ஃபிக்ரெட் டிஹோமிரின் காதருகே வந்தார்.

"இனிமே ஃபோன்ல புரெக்னு சொல்ல வேண்டாம்டா. மேப்னே சொல்லலாம்."

"ஆறு இல்லாத மேப். சாயங்காலம் ரெண்டு பேரும் கரையோரம் நடந்து புதுசா அளந்துடுவோம். சாப்பிட என்ன எடுத்துட்டு வரே?"

"பசிக்கு சீஸ் வச்சது ஏதாவது..."

"பிட்டா."

"அப்பாடா! இப்பத்தான்டா நீ மனுஷன்."

டிஹோமிர் ஒரு தட்டைப் பிடித்துக்கொண்டு சாப்பாட்டு மேஜையோரம் நின்ற மெர்சிஹாவிடம் போனார்.

"அம்மாடி, மதாமுக்குத் தங்கமான மனசும்மா. அவங்க வாயால நேர்மையானவங்கன்னு கேட்டது..."

"அவங்க அப்படிச் சொல்லலையே சார்" என்றாள் மெர்சிஹா, பிட்டாவைப் பிய்த்துக்கொண்டே.

"பின்ன?"

"'ஆறு எங்க ஓடுதுன்னே தெரியாத இந்த ரெண்டு கழுதைங்களையும் யாரு வேலைக்கு வச்சது? இவங்களுக்கு எதுக்கு ஒப்பந்தம்? நான் கிளம்பறேன்'னாங்க. தகவலைப் பகிராம இருந்தா கதி இப்படித்தான் ஆகும்னு காட்டறதுக்காக நீங்க ரெண்டு பேரும் வேணும்னே போட்ட நாடகம் இதுன்னு நான்தான் சொல்லி நிறுத்தினேன்."

டிஹோமிர் தட்டை மேஜையில் வைத்தார். "எங்களுக்காக நீ எதுக்கும்மா இவ்வளவு துணிஞ்சே?"

அவள் கைப்பேசியை நீட்டினாள். படத்தில் ஒரு கிழட்டுப் பூனை, நைந்துபோன ரொட்டிக் கூடை ஒன்றில் வழிந்து கிடந்தது.

"இன்னும் அந்தக் கூடையிலதான் சார் தூங்குது."

டிஹோமிர் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பழைய பயம்தான் முதலில் வாயில் வந்தது.

"இருந்தாலும், அவங்க சொன்னதை அப்படியே இந்தப் பக்கம் சொல்றதுதானேம்மா உன் வேலை?"

"அதெப்படி சார்? ஒரு பக்கத்துத் தகவலை இன்னொரு பக்கத்துக்கு அப்படியே குடுக்கக் கூடாதுன்னு சட்டம் இருந்துச்சே. கையெழுத்து அப்புறம்தானே ஆச்சு!"